பச்சிலைச் சாறும் மிளகாய்ப் பயிரும்



மிளகாய்ச் செடியைப் பற்றுகின்ற பூஞ்சண நோய்களைப் பச்சிலைச் சாறுகளைக் கொண்டு எவ்வளவு தூரம் அடக்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இவ்விஷயத்தில் நம் நாட்டில் இரண்டு கட்சிகள் உண்டு. இலைச் சாறு என்றதும் பாட்டி வைத்தியம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் ஒரு கட்சி. இலைச் சாறு இருக்கும்போது வேறு எந்த மருந்தும் எதற்கு என்று சாதிக்கிறவர்கள் மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் உரக்கப் பேசுகிறார்கள். ஆனால் மிளகாய் வயலின் வரப்பில் நின்று, எந்தச் சாறு, எந்த நோய்க்கு, எந்த நாளில், எந்த இடத்தில் பலித்தது என்று நிதானமாகக் கேட்கிறவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருடைய கேள்வியையே நானும் இன்று உங்கள் முன்னிலையில் கேட்கப் போகிறேன்.

மிளகாய் நம் அடுக்களையில் இத்தனை அதிகாரம் செலுத்தினாலும் அது நம் மண்ணில் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியருடைய கப்பலேறி நம் கரைக்கு வந்து, மிளகும் திப்பிலியும் ஆண்டுகொண்டிருந்த சமையலறையில் புகுந்து, சில தலைமுறைகளுக்குள் பட்டத்தையே கைப்பற்றிக்கொண்ட செடி அது. இதை நான் எதற்காகச் சொல்கிறேன்? மிளகாய் நோய்க்கு ஆயிரமாண்டுப் பாரம்பரிய மருந்து என்று யாரேனும் சொன்னால், கொஞ்சம் நின்று யோசியுங்கள். சுரபாலர் எழுதிய விருக்ஷாயுர்வேதம் என்னும் பழைய நூல், மரங்களுக்கும் வாத பித்த கபம் உண்டென்று வகுத்து, வாயுவிளங்கம் முதலிய சரக்குகளால் சிகிச்சை சொல்கிறது. ஆனால் மிளகாய்க்கு அது மருந்து சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றது மிளகாய்க்கான மருந்தையன்று, பச்சிலையின் குணத்தை உற்று நோக்கும் பழக்கத்தை. அந்தப் பழக்கத்தைப் புதிய பயிருக்கும் புதிய நோய்க்கும் பொருத்திப் பரிசோதிப்பது நம்முடைய கடமை.

நோய் எது என்று அறியாமல் மருந்தைப் பற்றிப் பேசுவது வீண். மிளகாய்க்கு வரும் பூஞ்சண நோய்களுள் நம் விவசாயியின் மடியில் நேராகக் கை வைப்பது பழ அழுகலும் அதனோடு உடன்பிறந்த நுனிக்கருகலும். இந்நோயை உண்டாக்கும் பூஞ்சணத்திற்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1913-ஆம் ஆண்டில் சைடோ என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது, அவர் ஆதாரமாகக் கொண்டது அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோயம்புத்தூர் மிளகாய்! பிறகு 1931-ல் பட்லர், பிஸ்பி என்னும் இரு அறிஞர்கள் அதைக் கொலிட்டோட்ரைக்கம் என்னும் இனத்தில் சேர்த்தார்கள். உலகமெல்லாம் மிளகாய் விளையும் நாடுகளில் இன்று பேசப்படும் இந்தப் பூஞ்சணம், அந்தப் பெயரோடு புத்தகத்தில் ஏறியது நம் ஊர்ப் பழத்தைக் கொண்டுதான்.

அந்தப் பழத்தை ஒரு முறை கையிலெடுத்துப் பாருங்கள். செக்கச் சிவந்து பழுத்த தோலில் முதலில் ஊசி முனை பட்டதுபோல் ஒரு சிறு புள்ளி தோன்றுகிறது. இரண்டொரு நாளில் அது பழத்தின் நீளவாக்கில் விரிந்து, நடுவில் பள்ளம் விழுந்து வெளிறி, ஓரத்தில் கறுக்கிறது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அந்தப் பள்ளத்திற்குள் வட்டத்திற்குள் வட்டமாகக் கரும்புள்ளிகள் வரிசை பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் குத்திட்டு நிற்கும் கரிய மயிர்கள். அவற்றின் அடியில் பசையில் தோய்ந்த, அரிவாள்போல் வளைந்த வித்துக்கள். அந்தப் பசை காய்ந்திருக்கும் வரையில் வித்து அசையாது. ஒரு மழைத்துளி தெறித்தால் போதும். பசை கரைந்து, துளியோடு துளியாக அடுத்த பழத்துக்கும் அடுத்த செடிக்கும் அது பயணம் புறப்படுகிறது. இந்தப் பழத்தைக் களத்தில் காயப்போட்டால் சிவப்பு வற்றலாகாமல் வைக்கோல் நிறத்தில் வெளுத்துப் போகிறது. கமிஷன் மண்டியில் வியாபாரி சாக்குக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி, வெளுத்த வற்றலைத் தனியே பொறுக்கிப் போட்டு எண்ணும்போது, விவசாயியின் ஆறு மாதத்து உழைப்பு அந்த ஒரு பிடியில் விலை பேசப்படுகிறது.

சரி, இப்படிப்பட்ட பூஞ்சணத்தை ஒரு செடியின் சாறு எதிர்க்க முடியுமா? முடியும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், மிளகாயே சாட்சி. பொலிவியா நாட்டில் காடுகளில் தானாக வளரும் மிளகாயை ஆராய்ந்து, அமெரிக்க விஞ்ஞானிகள் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. அங்கே ஒரே இனத்துச் செடிகளில் சில காரமான பழங்களையும், சில காரமே இல்லாத பழங்களையும் தருகின்றன. பழத்தைக் குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகள் துளையிட்ட வழியாக ஃபியூசேரியம் என்னும் பூஞ்சணம் உள்ளே நுழைந்து விதையைக் கெடுக்கிறது. எந்தப் பிரதேசத்தில் இப்பூச்சிகளின் தொல்லை அதிகமோ, அந்தப் பிரதேசத்தில் காரமுள்ள செடிகளே அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். நம் நாக்கைச் சுடுகின்ற காரம், நம்மை நினைத்து உண்டானதன்று. தன் விதையைப் பூஞ்சணத்திடமிருந்து காத்துக்கொள்ள அந்தச் செடி தானே வடித்துக்கொண்ட மருந்து!

இங்கே புத்திசாலியான ஒருவர் எழுந்து கேட்கலாம்: "ஐயா, காரமே பூஞ்சணத்துக்கு மருந்தென்றால், நம் வயலில் காரமான சம்பா மிளகாய் ஏன் அழுகுகிறது?" மிக நல்ல கேள்வி. காரம் பழத்தின் தோலில் இல்லை. உள்ளே விதையைத் தாங்கி நிற்கும் வெண்மையான நரம்பில் திரண்டிருக்கிறது. நம் கொலிட்டோட்ரைக்கமோ வெளியே தோலின்மேல் இறங்கி, அங்கிருந்தே துளைக்கிறது. மருந்து ஓரிடத்தில், பகைவன் ஓரிடத்தில். பூஞ்சணங்களும் எல்லாம் ஒன்றல்ல; ஒன்றை அடக்கும் பொருள் இன்னொன்றை அடக்க வேண்டும் என்னும் நியதியும் இல்லை. ஆகவே, ஒரு பொருளுக்குச் சக்தி உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. போருக்குப் புறப்படும் அரசனைப் போல் வலியும் அறிய வேண்டும். காலமும் அறிய வேண்டும். இடமும் அறிய வேண்டும். என்னுடைய பேச்சு முழுவதும் இந்த மூன்றையும் பற்றியதே.

முதலில் வலி.

பூண்டை எடுத்துக்கொள்வோம். முழுப் பூண்டுப் பல்லை மூக்கருகே வைத்தால் பெரிதாக நெடி ஒன்றும் வருவதில்லை. நசுக்கிய மறுகணமே நெடி கண்ணைக் கரிக்கிறது. பல்லின் திசுக்களுக்குள் அல்லியின் என்னும் பொருள் ஓர் அறையிலும், அதைப் பிளக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலந்து, அல்லிசின் என்னும் புதிய பொருள் பிறக்கிறது. 1944-ல் கவல்லிட்டோ, பெய்லி என்னும் இரு விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டிய இந்த அல்லிசினே பூஞ்சணத்தின் நொதிகளைத் தாக்கி அதன் வளர்ச்சியை முடக்குகிறது. இதிலிருந்து விவசாயி அறிய வேண்டிய பாடம் என்ன? பூண்டை முழுதாகக் கொதிக்கும் நீரில் போட்டு வேகவைத்தால் நொதி செத்துப்போகிறது. அல்லிசின் பிறக்காமலே போகிறது. பச்சையாக இடித்து, பச்சைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அன்றைக்கே அடித்தால் பயன். அடுத்த வாரத்துக்கென்று குடத்தில் மூடி வைத்தால் மிஞ்சுவது பெரும்பாலும் வாசனையே. இதே பூண்டின் உறவினரான சிம்மு, வெங்காயத்தையும் பூண்டையும் கலந்து உண்டாக்கிய கலப்பினப் பயிர்; அதன் இலைச் சாற்றை நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தக்காளியின் இலைக்கருகலுக்கு எதிராகச் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்.

மருதாணியைப் பாருங்கள். நம் பெண்மக்களின் உள்ளங்கையைச் சிவக்கவைக்கும் லாசோன் என்னும் பொருளுக்குப் பூஞ்சணத்தை ஒடுக்கும் குணமும் உண்டு. வேப்பெண்ணெயோ பூச்சிகளிடத்தில் பெரும்புகழ் பெற்றதானாலும், இலைமேல் படரும் சாம்பல் நோய்களையும் ஓரளவு தடுக்கிறது. இன்னும் ஒரு விசித்திரத்தைச் சொல்கிறேன். கிழக்காசியாவில் வளரும் ரெய்நூட்ரியா என்னும் பெரும்புதரின் இலைச் சாற்றை ஜெர்மனியில் வெள்ளரியின் சாம்பல் நோய்க்குத் தெளித்துப் பார்த்தார்கள். நோய் அடங்கியது. ஆராய்ந்து பார்த்தபோது, அந்தச் சாறு பூஞ்சணத்தை நேரே கொல்லுவதைக் காட்டிலும், வெள்ளரிச் செடியையே உசுப்பிவிட்டு, அது தன் எதிர்ப்புப் பொருள்களைத் தானே சுரக்கும்படி செய்கிறது என்று தெரிந்தது. மிளகாய்க்கும் அப்படிப்பட்ட சொந்தக் கருவி உண்டு. கேப்சிடியால் என்று அதற்குப் பெயர். ஆக, சில சாறுகள் பகைவனை அடிக்கின்றன. சில சாறுகள் செடியை எழுப்பிவிடுகின்றன. இரண்டும் நமக்கு வேண்டியவையே.

ஆனால் நண்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. ஆராய்ச்சிச் சாலையில் உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகரும் சேர்த்துக் கூழாக்கி, அதில் இலைச் சாற்றைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, நடுவில் ஒரு பூஞ்சண வில்லையை வைக்கிறார்கள். சாறு கலவாத தட்டில் பூஞ்சணம் தட்டு முழுவதும் பரவுகிறது. சாறு கலந்த தட்டில் காசளவோடு நின்றுவிடுகிறது. பார்த்தவர்கள் மகிழ்ந்து பத்திரிகையில் எழுதுகிறார்கள். தட்டில் வெயில் உண்டா? மழை உண்டா? சாற்றை வழுக்கிவிடும் மெழுகுத் தோல் உண்டா? பூஞ்சணம் தப்பித்துப் போக வழி உண்டா? ஒன்றும் இல்லை. தட்டில் வென்ற சாறுகள் பல வயலில் தோற்றிருக்கின்றன. தட்டு, எந்தச் சாற்றை வயலுக்கு அனுப்பலாம் என்று பொறுக்கிக் கொடுக்கும் முதல் சல்லடை. முடிந்த முடிவைச் சொல்ல வேண்டியது வயலே.

அடுத்தது காலம்.

ஈரமான தோலின்மேல் விழுந்த வித்து சில மணி நேரத்தில் முளைவிடுகிறது. முளையின் நுனியில் கரிய குமிழ் ஒன்றை உண்டாக்கித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழிலிருந்து கூரிய முனையொன்றை இறக்கித் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. அது வெளியே இருக்கும் அந்தச் சில மணி நேரமே நம்முடைய சாற்றுக்குக் கிடைத்த அவகாசம். உள்ளே போன பிறகு மேலே எத்தனை குடம் சாற்றைக் கொட்டினாலும் பள்ளம் விழுந்த பழம் மேடாகுமா? ஆகவே, பச்சிலைச் சாறு பெரும்பாலும் குணப்படுத்தும் மருந்தன்று, காவல். புள்ளியைக் கண்ட பிறகு ஓடிப்போய் இலை பறிக்கிறவர், களவு போன பின் கதவைத் தாழிடுகிறவர்.

காவல் என்றால் நாள் தவறக் கூடாது. இலைச் சாற்றின் பொருள்களைச் சூரிய வெளிச்சம் சில நாட்களில் சிதைத்துவிடுகிறது. ஒரு பெருமழை கழுவியே விட்டுவிடுகிறது. விரைவில் சிதைவது அதன் குறை. விரைவில் சிதைவதே அதன் நிறையும்கூட. எப்படி என்கிறீர்களா? மிளகாய் ஒரே நாளில் அறுத்து முடிக்கும் பயிரன்று. பறிக்கப் பறிக்கப் பழுத்துக்கொண்டே வரும். ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் இடையே நாட்கள் கொஞ்சமே இருக்கும். அந்த இடைவெளியில் நீடித்து நிற்கும் ரசாயன மருந்தை அடித்தால், அதன் எச்சம் வற்றலோடு வற்றலாகக் கப்பலேறி, அயல்நாட்டுத் துறைமுகத்தில் சோதனையில் அகப்பட்டுச் சரக்கே திரும்பி வரக்கூடும். உள்ளூரில் விற்றாலோ நம் குழந்தைகளின் சோற்றில் சேரும். பறிப்புக் காலத்தில்தான் இலைச் சாறு தன் தகுதியை முழுவதும் காட்டுகிறது.

எனவே, ஐப்பசி மழை வெறித்து, மார்கழிப் பனி இறங்கத் தொடங்கும் காலத்தில், பூவும் பிஞ்சுமாக நிற்கும் பயிருக்குப் புள்ளி தோன்றுவதற்கு முன்பே தெளிக்கத் தொடங்க வேண்டும். பெருமழை பெய்து ஓய்ந்தால் மறுபடி தெளிக்க வேண்டும். நடுப்பகலில் எண்ணெய்க் கரைசல் அடித்தால் இலை பொசுங்கும். மாலை நேரமே உத்தமம்.

மூன்றாவது இடம்.

மிளகாயின் சாம்பல் நோயைப் பலர் மற்றப் பயிர்களின் சாம்பல் நோயைப் போல எண்ணுகிறார்கள். மற்றவற்றில் பூஞ்சணம் இலையின் மேல்தோலிலேயே படர்ந்திருக்கும். மிளகாயைப் பற்றும் லெவெயில்லுலா என்னும் பூஞ்சணமோ இலைக்கு உள்ளேயே வளர்ந்து, அடிப்புறத்துத் துளைகளின் வழியாகத்தான் வெள்ளைத் தூளாக எட்டிப் பார்க்கிறது. மேற்புறத்தில் தெரிவது மஞ்சள் திட்டு மட்டுமே. மேலே மேலே தெளித்துவிட்டுப் போகிறவர் பகைவன் இல்லாத கோட்டைக்கு முற்றுகை போடுகிறார். தெளிப்பானின் முனையைத் திருப்பி இலையின் அடிப்புறம் நனையும்படி அடிப்பதற்குப் பொறுமை வேண்டும்.

இன்னும் சில நோய்கள் மண்ணிலிருந்து வருகின்றன. நாற்றங்காலில் நாற்றுக்கள் தரையோடு ஒடிந்து சாயும் நாற்றழுகலும், 1922-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் மிளகாய்ச் செடியில் லியோனியன் என்பவர் கண்டு விவரித்த பைட்டோப்தோராவும் இவ்வகையைச் சேர்ந்தவை. பைட்டோப்தோராவை வழக்கத்தில் பூஞ்சணம் என்கிறோமே தவிர, சாஸ்திரப்படி அது பாசிகளுக்கு நெருங்கிய உறவு. நீர் தேங்கிய மண்ணில் நீந்தி வந்து வேரைப் பற்றும் அதற்கு, இலைமேல் தெளித்த சாறு என்ன செய்யும்? அங்கே முதல் மருந்து வடிகால். அடுத்தது மேட்டுப் பாத்தி. அதற்கும் அடுத்தது ஒரு கிலோ விதைக்கு நான்கு கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை தரும் பூஞ்சணத்தைக் கலந்து விதைக்கும் விதை நேர்த்தி. இலைச் சாற்றை அது வேலை செய்யாத இடத்தில் வேலை வாங்கி, பிறகு அதற்குக் கெட்ட பெயர் கட்டுவது நியாயமா?

இனி, செய்முறை பற்றி இரண்டொரு வார்த்தை. வேப்பங்கொட்டைக் கரைசலை எல்லோரும் அறிவீர்கள்: ஓடு நீக்கிய பருப்பு ஐந்து கிலோவை இடித்து, காடாத் துணியில் மூட்டையாகக் கட்டி, பத்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் மூட்டையைப் பிழிந்து பிழிந்து வெளுத்த நீரை எடுத்து, மொத்தம் நூறு லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் ஐந்து சத வீதக் கரைசல். இது முதன்மையாகப் பூச்சிகளுக்கானது. ஆனால் இந்த முறையில் உள்ள ஒழுங்கைக் கவனியுங்கள்: எடை உண்டு, அளவு உண்டு, நேரம் உண்டு. நம் ஐந்திலைக் கரைசலுக்கும் இதே ஒழுங்கு வேண்டாமா? ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை என்று ஐந்தாறு இலைகளைச் சேர்த்துக் குடத்தில் போட்டு ஊறவைக்கிறோம். எத்தனை இலை, எத்தனை தண்ணீர், எத்தனை நாள் என்று எழுதி வைக்கிறோமா? சென்ற ஆண்டு பலித்தது இந்த ஆண்டு பலிக்கவில்லையென்றால், காரணம் இலையா, நீரா, நாளா என்று எப்படித் தெரியும்?

"இலைதானே, யாரை என்ன செய்யும்" என்னும் அலட்சியமும் ஆபத்து. ஊமத்தை இலைச் சாறு நெல்லின் நோய்களில் பரிசோதிக்கப்பட்டுப் பலனளித்த சாறுதான்; ஆனால் ஊமத்தை மனிதனுக்குப் பெருவிஷம். அரளி விஷம், புகையிலைக் கஷாயம் விஷம். பறிக்கப்போகும் பழத்தின்மேல் இவற்றைத் தெளிப்பது தகாது. இடிக்கிறவர் கையுறையணிந்து, இடித்த உரலை அடுக்களைக்குத் திரும்பக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும்.

"அப்படியானால் ரசாயன மருந்தே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நோய் ஊரெல்லாம் பரவி, மழையும் விடாமல் பெய்யும் ஆண்டில், இலைச் சாறு ஒன்றே பயிரைக் கரையேற்றிவிடும் என்று நான் சொன்னால், அது உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் நோயற்ற பழத்திலிருந்து விதை எடுத்து, விதையை நேர்த்தி செய்து, அழுகிய பழத்தையும் கருகிய நுனியையும் பொறுக்கி வெளியேற்றி, காலமறிந்து சாறு தெளித்த வயலில், ரசாயனத்தின் தேவை வெகுவாகக் குறையும். மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு காளானிலிருந்து பாடம் கற்று உண்டாக்கப்பட்ட ஸ்ட்ரோபிலுரின் வகை மருந்துகள் 1996-ல் சந்தைக்கு வந்தன. ஜெர்மனியின் கோதுமைச் சாம்பல் நோய் 1998-லேயே அவற்றை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. ஒரே பொருளை ஒரே இடத்தில் ஓயாமல் அடித்தால் பூஞ்சணம் அதைத் தாண்டக் கற்றுக்கொள்கிறது. பல பொருள்கள் கலந்த இலைச் சாற்றை முன்னால் நிறுத்தி, ரசாயனத்தை அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்தால், அந்த ரசாயனத்தின் ஆயுளும் நீளும்.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு சாறு தெளிக்கிறவர்கள், தெளிக்காமல் இரண்டு வரிசையை விட்டுவையுங்கள். இது எதற்கு வீண் நஷ்டம் என்று எண்ணாதீர்கள். அந்த இரண்டு வரிசைதான் உங்கள் ஆராய்ச்சிச் சாலை. ஒவ்வொரு பறிப்பிலும், தெளித்த வரிசையில் நூறு பழமும் தெளிக்காத வரிசையில் நூறு பழமும் எடுத்து, புள்ளி விழுந்தவற்றை எண்ணி, எந்த இலை, எத்தனை கிலோ, எந்தத் தேதி, மழை பெய்ததா இல்லையா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பத்து வயலின் நோட்டுப் புத்தகங்கள் ஒன்று சேர்ந்தால், இந்த ஊருக்கு, இந்த மண்ணுக்கு, இந்த மிளகாய்க்கு எந்தச் சாறு ஏற்றது என்று எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாதபடி நீங்களே சொல்லலாம். 1913-ல் கோயம்புத்தூர்ப் பழம் ஜெர்மனிக்குப் போய்ப் பெயர் வாங்கிவர வேண்டியிருந்தது. இன்று அந்த அவசியம் நமக்கில்லை. பல்கலைக்கழகம் நம் நாட்டில் இருக்கிறது, பச்சிலை நம் வேலியில் இருக்கிறது. எஞ்சியது எண்ணிப் பார்க்கும் சிரத்தை ஒன்றே. அதை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். எழுதிய கணக்கோடு அடுத்த ஆண்டு இதே மேடையில் நீங்கள் பேசுங்கள், கீழே உட்கார்ந்து கேட்க நான் வருகிறேன்.